மருந்துச் சீலையும் நானோ இழையும்: தோல் நோய்க்கான மூலிகை மருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சொரியாசிஸ். வெட்பாலைத் தைலம் தடவித் தடவி எங்கள் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் ஊதா நிறமாகிப் போயின. நான் துணியியல் படித்தவன், இழைகளோடு வேலை செய்பவன். "இந்த மருந்தைத் துணிக்குள்ளேயே வைத்துத் தர உங்கள் படிப்பில் வழி இல்லையா?" என்று ஒரு நாள் அம்மா கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. சித்த மருத்துவ மாணவர்களிடமும் நோயாளிகளிடமும் இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

நானோ இழை என்றால் என்ன?

மிக மெல்லிய இழை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். மருந்துக்காக நூற்கும் இழைகள் பெரும்பாலும் 100 முதல் 800 நானோமீட்டர் வரை தடிமன் கொண்டவை. நம் தலைமுடியின் தடிமனில் இருநூறில், முந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 300 நானோமீட்டர் தடிமனுள்ள இழையில் 1 கிராமை எடுத்து ஒரே நூலாக நீட்டினால் 12,000 கிலோமீட்டரைத் தாண்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள தூரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த 1 கிராம் இழையின் மேற்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய அறையின் தரையளவு. 1 கிராம் பருத்தி இழைக்கு இது 0.2 சதுர மீட்டரைக்கூட எட்டாது. மருந்து கரைந்து வெளியேறுவது மேற்பரப்பு வழியாகத்தான் என்பதால், இந்த வேறுபாடு முக்கியமானது.

கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: வெள்ளை டிஷ்யூ காகிதம் போல இருக்கும். மஞ்சள் சேர்த்திருந்தால் மஞ்சளாக இருக்கும்.

இதை எப்படி நூற்கிறார்கள்?

தறியும் இல்லை, கதிரும் இல்லை. பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) கரைசலில் மருந்தைக் கலந்து ஊசிக்குழலில் நிரப்புகிறார்கள். ஊசி முனைக்கும், 10 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஓர் உலோகத் தகட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஊசி முனையில் தொங்கும் துளி மின்விசையால் இழுபட்டுக் கூம்பாக மாறும். அந்தக் கூம்பின் நுனியிலிருந்து ஒரு மெல்லிய தாரை பீறிட்டு, சாட்டை போலச் சுழன்று சுழன்று நீளும். கரைப்பான் வழியிலேயே ஆவியாகிவிட, உலர்ந்த இழை தகட்டில் வந்து படியும். இதற்கு மின்நூற்பு என்று பெயர்.

புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1902இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூம்பின் கணிதத்தை 1960களில் விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர். அதனால் அது இன்றும் டெய்லர் கூம்பு. 1990களில் அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரெல் ரெனெகரின் குழு இதை மீண்டும் கையில் எடுத்த பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது.

இது சித்த மருத்துவத்துக்கு அந்நியமான முறை இல்லையா?

இந்தக் கேள்வியைச் சித்த மருத்துவ மாணவர்களே கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, களிம்பு என்று போகும் அந்த வரிசையில் "சீலை" என்று ஒன்று இருக்கிறது. மருந்தில் நனைத்த அல்லது மருந்து தடவிய துணியைப் புண்ணின் மேல் இடுவதுதான் சீலை. துணி மருந்தைத் தாங்கி நிற்க வேண்டும், புண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், மருந்தை மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்பதை உணர்ந்துதான் அதைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள்.

பழைய சீலையில் மருந்து நூலின் மேல் பூசப்பட்டிருக்கும். நானோ இழையில் மருந்து நூலுக்குள்ளேயே இருக்கும். நான் இதைச் சீலையின் அடுத்த படி என்றே பார்க்கிறேன். சீலை என்ற பெயரை நாம் மறந்துபோனதால்தான் இது வேற்று நாட்டுச் சரக்கு போலத் தோன்றுகிறது.

தைலமும் களிம்பும் இருக்கும்போது இது எதற்கு?

மூன்று காரணங்கள் சொல்வேன். ஒன்று நோயாளியின் அன்றாடம். தைலம் வழியும், ஆடையில் ஒட்டும், மணக்கும், கறை படியும். அலுவலகத்துக்குப் போகிறவர் முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அதனால் மருந்தை விட்டுவிடுகிறார்கள். மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை தடவினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது அளவு. விரலால் அள்ளித் தடவும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இழைத் துண்டில் அதை அளந்து வைக்க முடியும்.

மூன்றாவதுதான் அறிவியல்படி கனமான காரணம். மூலிகைகளின் வேதிப்பொருள்களில் பல தண்ணீரில் கரையாதவை. மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்குப் பெயர்போன உதாரணம். தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும், காரத்தன்மை சற்றுக் கூடினாலும் நிமிடக் கணக்கில் உடைந்துபோகும். பொடியில் அது படிகமாக இருக்கிறது. படிகத்தை உடைத்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கத் தோலின் ஈரத்துக்குச் சக்தி போதாது. மின்நூற்பிலோ கரைப்பான் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஆவியாகிவிடுகிறது. குர்குமின் மூலக்கூறுகளுக்கு ஒன்றுசேர்ந்து படிகமாக நேரமே கிடைப்பதில்லை. பிரிந்து நின்றபடியே இழைக்குள் மாட்டிக்கொள்கின்றன. பிறகு ஈரம் படும்போது, படிகத்தைவிட எளிதாகக் கரைந்து வெளியே வருகின்றன. ஒரு மூலிகைப் பொருளை வேதியியல் மாற்றம் எதுவும் செய்யாமல், அது இருக்கும் நிலையை மட்டும் மாற்றிக் கரைய வைப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எல்லா மூலிகைப் பொருளும் தோலுக்குள் போகுமா?

போகாது. நம் மேல்தோலின் வெளி அடுக்கு இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த ஒரு சுவர். தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்), ஆனாலும் கண்டிப்பான காவல்காரன். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் நல்ல தோலைக் கடப்பது கடினம் என்று 2000இல் நெதர்லாந்தைச் சேர்ந்த போஸ், மைனார்டி இருவரும் ஒரு விதியை முன்வைத்தார்கள்.

இதை வைத்து நம் மூலிகைகளைப் பாருங்கள். குர்குமின் 368. எடையளவில் தடையில்லை. வல்லாரையின் ஆசியாட்டிகோசைடு 959. உடையாத தோலில் அது உள்ளே போகாது. ஆனால் புண்ணில் அந்தச் சுவரே இல்லையே! அதனால்தான் வல்லாரையைப் புண் ஆற்றும் கட்டுகளில் சேர்த்துப் பார்க்கிறார்கள். எந்த மூலிகை, எந்த நோய் என்பதை முடிவு செய்யும் இடம் இதுதான். நானோ இழை இந்தச் சுவரை உடைக்கும் சம்மட்டி ஆகாது. சுவருக்கு அருகில் மருந்தைக் கரைந்த நிலையில், நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதே அதன் வேலை.

சொரியாசிஸுக்கு வெட்பாலையை இப்படி நூற்க முடியுமா?

அம்மாவின் கேள்வியும் இதுதான். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்லப்படும் இந்த நோயில், நான்கு வாரத்தில் உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாள்களிலேயே பெருகிச் செதிலாக உதிர்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு அது. தொற்றாது. (இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. என் அம்மாவின் தட்டைத் தனியாக வைத்த உறவினர் உண்டு.)

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். இந்த எண்ணெய்தான் 777 எண்ணெய் என்ற பெயரில் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சியில் சொரியாசிஸுக்காக ஆராயப்பட்டது. இலையில் இண்டிகோ சாய வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இண்டிருபின்.

அதே இண்டிருபின் நம் அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலப் பொடியிலும் உண்டு. சீன மருத்துவம் அதைச் சிங்டாய் என்கிறது. தைவானின் சாங் குங் நினைவு மருத்துவமனையில் லின் யின்-கு என்ற மருத்துவர் அதைக் களிம்பாக்கி, எளிதில் அடங்காத சொரியாசிஸ் உள்ள 42 பேரிடம் 12 வாரம் சோதித்தார். ஒரே நோயாளியின் ஒரு பக்கத்தில் மருந்துக் களிம்பு, மறுபக்கத்தில் மருந்தில்லாத களிம்பு. 31 பேருக்கு மருந்து பூசிய பக்கம் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தெளிந்தது. 2008இல் வெளியான முடிவு இது. அவர்களுக்கும் பெரிய தலைவலி நீலக் கறைதான்.

இண்டிருபினின் எடை 262 டால்டன். தோலைக் கடக்கும் அளவுக்குச் சிறியது. ஆனால் நீரில் கரைவது மிக அரிது. மின்நூற்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேட வேண்டியதில்லை. வெட்பாலையின் இண்டிருபினை ஒரு பக்கம் மட்டும் மருந்து விடும் இரட்டை அடுக்கு இழையில் வைத்து, கறை துணிப்பக்கம் வராமல் தடுத்து, தைவானில் செய்ததைப் போலப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தடையும் சொல்லிவிடுகிறேன்: செதில் கனமாக இருக்கும் தோலில் எந்தத் துண்டும் சரியாக ஒட்டாது. முதலில் செதிலை மென்மையாக்க எண்ணெய் வேண்டும். தைலத்துக்கு அங்கே வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

நம் மூலிகைகளை வைத்து ஆய்வு எதுவும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சீராம் ராமகிருஷ்ணாவின் குழு, தமிழ்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, நான்கு செடிகளின் சாற்றைப் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரோடு நூற்றது. அவற்றில் மூன்று நமக்கு நன்றாகத் தெரிந்தவை: வேம்பு, சிவனார் வேம்பு, காயா. சிவனார் வேம்பின் குழித்தைலம் தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவர்கள் இன்றும் கொடுப்பது. ஆனால் மனிதத் தோல் செல்களை அதிகம் வளரவிட்ட, செல்லுக்குத் தீங்கு குறைந்த இழை எது தெரியுமா? காயா. காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடுகிறோமே, அந்த நீலப் பூ பூக்கும் மரம். வேம்புதான் வெல்லும் என்று நான் பந்தயம் கட்டியிருப்பேன்.

பாங்காக்கின் சுலாலாங்கோன் பல்கலைக்கழகத்தில் 2007இல் குர்குமினையும், அடுத்த ஆண்டு வல்லாரையையும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பாலிமர் இழையில் வைத்து ஆராய்ந்தார்கள். வல்லாரையில் தனித்த ஆசியாட்டிகோசைடையும் முழுச் சாற்றையும் தனித்தனியே நூற்று ஒப்பிட்டது அந்த ஆய்வின் சிறப்பு.

இவை எல்லாம் ஆய்வகத்தில், செல்களில் நடந்தவை. நோயாளியின் தோலில் நடந்தவை அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூலிகைச் சாற்றை அப்படியே ஊற்றி நூற்க முடியாதா?

முடியாது. இழையாக நீள்வதற்கு நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள வேண்டும். சாற்றில் அது இல்லை. வெறும் சாறு துளித்துளியாகத் தெறித்துவிடும். பாலிமர் சேர்த்தாலும் சாறு அளவு மீறினால் இழையில் மணி மணியாக முடிச்சு விழும். இட்லி மாவு பதம் போல இதற்கும் ஒரு பதம் உண்டு. கைப்பழக்கம் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் செடியே. ஆடியில் பறித்த இலையும் தையில் பறித்த இலையும் ஒன்றல்ல. மண், மழை, உலர்த்திய விதம் எல்லாம் உள்ளிருக்கும் பொருளின் அளவை மாற்றும். எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று அளந்து நிலைநிறுத்தாத சாற்றை, எவ்வளவு நுட்பமான இழையில் வைத்தாலும் பயனில்லை. பணம் முதலில் இந்த அளவீட்டுக்குப் போக வேண்டும், இயந்திரத்துக்கு அப்புறம் போகலாம்.

மருந்து எவ்வளவு நேரத்துக்கு வெளிவரும்?

பாலிமரைப் பொறுத்தது. நீரில் கரையும் பாலிவினைல் பிர்ரோலிடோன் போன்றவை ஈரம் பட்டதும் சில நொடிகளில் கரைந்து மருந்தை விட்டுவிடும். பாலிகாப்ரோலாக்டோன் உடலில் கரைய ஓராண்டுக்கும் மேலாகும், மருந்து நாள் கணக்கில் கசியும். பொதுவாக முதல் சில மணி நேரத்தில் இழையின் மேற்பரப்பில் இருக்கும் மருந்து ஒரேயடியாகக் கொட்டிவிடும் வழக்கம் உண்டு. அதைத் தடுக்க, உள்ளே மருந்தும் வெளியே உறையுமாக இரட்டைக் குழல் ஊசியால் நூற்கிறார்கள்.

எந்தத் தோல் நோய்க்கு இது பொருந்தும்?

ஆறாத புண், தீக்காயம், சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆகியவற்றுக்குத்தான் முதலிடம். நீரை உறிஞ்சும், காற்றை விடும், கிருமியைத் தடுக்கும், புது செல்கள் பற்றி ஏறப் பந்தல் போல நிற்கும். முழங்கை, முழங்கால் போன்ற இடங்களில் திட்டாக இருக்கும் சொரியாசிஸுக்கும், ஒரே இடத்தில் நிற்கும் கரப்பானுக்கும் (எக்சிமா) வாய்ப்பு உண்டு. உடம்பு முழுவதும் பரவியதற்கும் தலைக்கும் இது நடைமுறைக்கு ஒவ்வாது. படர்தாமரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு நல்ல பூஞ்சை மருந்துகள் இருக்கின்றன, மூடி வைத்தால் வியர்வையில் இன்னும் படரும்.

நானோ என்றாலே பயமாக இருக்கிறது. இரத்தத்தில் கலந்துவிடுமா?

இழையின் தடிமன்தான் நானோ அளவு. நீளம் சென்டிமீட்டரில், மீட்டரில் போகும். அவ்வளவு நீளமான நூல் தோலுக்குள் நுழையாது. நானோ துகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நூற்கப் பயன்படும் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் இழையில் மிச்சம் இருக்கக் கூடாது. அடுத்து, மூலிகையே ஒவ்வாமை தரலாம். சேராங்கொட்டை தோலைப் புண்ணாக்குவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். மூடிய துண்டுக்குள் ஒவ்வாமை இன்னும் கூடும். ஆகவே எதையும் முன்கையில் சிறு துண்டாக இட்டு, இரண்டு நாள் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

சித்தர்கள் அன்றே நானோ அறிந்திருந்தார்கள் என்கிறார்களே?

உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் போன்றவற்றில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை நுண்ணோக்கி காட்டியிருக்கிறது. விரல் ரேகையில் பதிய வேண்டும், நீரில் மிதக்க வேண்டும் என்று அவர்கள் வைத்த சோதனைகள் துகளின் நுண்மையைத் தேடியவைதான். அந்தக் கூர்மையை நான் வணங்குகிறேன். அதற்காக நானோ அறிவியலை அவர்கள் எழுதிவைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். செய்த வேலைக்குரிய மதிப்பே அவர்களுக்குப் போதும்.

கடையில் கிடைக்குமா?

மருந்தில்லாத மின்நூற்பு இழைக் கட்டுகள் வெளிநாடுகளில் மருத்துவமனைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் ரெஸ்ட்ராட்டா என்ற அத்தகைய கட்டு 2017இல் அனுமதி பெற்றது. தோல் நோய்க்கான மூலிகை இழை மருந்து நம் மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. யாராவது "நானோ மூலிகைப் பட்டை" என்று விற்றால் உரிம எண்ணைக் கேளுங்கள்.

தாமதத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பழைய நூல்களின் முறையில் செய்தால் அது சித்த மருந்து. அதே மூலிகையை மின்நூற்பில் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். 2015இல் தாவர மருந்துகளுக்கென ஒரு புதிய பிரிவும், 2019இல் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதலும் வந்தன. பாதை இருக்கிறது, ஆனால் மனிதர்களிடம் சோதனை செய்து நிரூபித்துத்தான் அதில் நடக்க முடியும். அது சரியும்கூட. உற்பத்தியும் மெதுவானது. ஒற்றை ஊசி ஒரு மணி நேரத்தில் 0.1 கிராம் அளவே தரும். செக் நாட்டு லிபெரெட்சில் ஊசியே இல்லாமல் உருளையிலிருந்து நூற்கும் இயந்திரம் செய்கிறார்கள். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம் இருக்கிறது. நூற்பாலைகளின் ஊரான கோவையில் இந்த வேலை வளராவிட்டால் வேறெங்கே வளரும்?

நம் மூலிகைக்கு வெளிநாட்டார் காப்புரிமை வாங்கிவிட மாட்டார்களா?

மஞ்சளுக்கு அது நடந்தது. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதிட்டு, 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. ஆனால் மஞ்சளை ஒரு புதிய இழையில் வைக்கும் முறை வேறு விஷயம். அது உண்மையிலேயே புதிதாக இருந்தால் காப்புரிமை கிடைக்கலாம். பழைய அறிவைக் காத்தால் மட்டும் போதாது, அடுத்த படியையும் நாமே செய்ய வேண்டும் என்று மாணவர்களிடம் நான் மன்றாடுவது இதனால்தான்.

அதுவரை நோயாளி என்ன செய்வது?

நோய் என்னவென்று முதலில் தோல் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சொரியாசிஸும் படர்தாமரையும் பார்வைக்குக் குழப்பும். சித்த மருந்து விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு உண்டு. பெயரில்லாத டப்பாவில் வரும் "மூலிகைக் களிம்பு" வேண்டாம். என் அம்மா ஒரு முறை அப்படி வாங்கினார். ஒரே வாரத்தில் மாயம்போல மறைந்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று தோல் மருத்துவர் சொன்னார். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பெங்கும் சிவந்து, காய்ச்சலோ சீழ்க் கொப்புளமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெட்பாலைத் தைலம் தடவுபவர்கள் குளித்து, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே மெல்லியதாகத் தடவி, பழைய பருத்தி வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். தலையணைக்கு அடர்நீல உறை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.